மூன்று மாடிக் குதிரை

நகர அமைப்புத் துறையின் இயக்குநர் வெளிநாடு போய் வந்தால் ஏதாவது வாங்கி வருவார். முதல் தடவை ஆளுக்கொரு சாவிக்கொத்து. அடுத்த தடவை ஒரு கொள்கை. சாவிக்கொத்தாவது சாவியைத் தாங்கியது. மூன்றாம் தடவை அவர் வாங்கி வந்தது ஒரு கணினி விளையாட்டு.

ஆளுக்கொரு குட்டி ஊரைக் கொடுத்துவிடுவார்களாம். முறை வைத்து ஆட வேண்டுமாம். ஒருவர் தன் காரியத்தைச் செய்துவிட்டு 'முடிந்தது' என்ற பொத்தானை அழுத்தினால் அடுத்தவர் முறை. களஞ்சியம், குளம், பள்ளிக்கூடம், மதில் என்று ஒவ்வொன்றாகக் கட்டி ஊரைப் பெரிதாக்க வேண்டும். 'ஒரு நகரம் எப்படி உருவாகிறது என்பதை நம் அலுவலர்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை' என்று இயக்குநர் சுற்றறிக்கையில் வருத்தப்பட்டிருந்தார். ஆகவே அவரையும் சேர்த்துப் பத்துப் பேர் ஒரு மாதம் ஆட வேண்டும். முதலில் வருபவருக்குப் பரிசும் பதவி உயர்வும். கடைசியில் வருபவருக்குத் தீவுக் கிளைக்கு மாற்றல்.

தீவுக் கிளை என்றால் அலுவலகமே நடுங்கும். அங்கே காக்கைகூட அயல்பணியில்தான் வருமென்று பேச்சு.

பத்துப் பேரில் ஒருவர் வரைவாளர். காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் அவருக்குப் பென்சில் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டில் நடுப்பிள்ளை, பள்ளியில் நடுபெஞ்சு, எங்கே வரிசையில் நின்றாலும் நடுவில் நிற்கிற மனிதர். முன்னே போனால் கடிக்கும், பின்னே போனால் உதைக்கும் என்பது அவர் சித்தாந்தம். மனைவி ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெண்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில். மாற்றல் வந்தால் குடும்பம் இரண்டாகப் பிளந்துவிடும்.

"ஜெயிக்கவும் வேண்டாம், தோக்கவும் வேண்டாம். அஞ்சாவதா வந்துடுங்க போதும்" என்றாள் மனைவி.

"அஞ்சாவதா வர எத்தனை கட்டடம் கட்டணும்னு தெரியலையேம்மா."

"பக்கத்துல இருக்கறவரு என்ன கட்டறாரோ அதைப் பார்த்துக் கட்டுங்க. பரீட்சையில எல்லாம் அப்படித்தானே பாஸ் பண்ணீங்க?"

பயிற்சி மண்டபத்தில் முதல் நாள் இயக்குநர் பேசினார்.

"நம்ம துறை ஆரம்பிச்சு முப்பது வருஷம் ஆச்சு. இந்த முப்பது வருஷத்துல நம்ம அனுமதி இல்லாம ஒரு கட்டடம் எழும்பியிருக்கா? இல்ல. நம்ம அனுமதியோட எழும்பியிருக்கா? அதுவும் இல்ல. இந்தச் சமநிலையைத்தான் வெளிநாட்டுல எடுத்துச் சொன்னேன். எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க."

எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

விளையாட்டை விற்ற நிறுவனத்திலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய பயிற்சியாளர் ஒருவர் வந்திருந்தார். ஆளுக்கு ஒரு தலைநகரம், ஒரு கொத்தனார், ஒரு குதிரைவீரன் உண்டு என்று திரையில் காட்டினார். "ஜெயிக்கறதுக்கு ரெண்டு வழி இருக்கு. மகா மண்டபத்தைக் கட்டித் திறக்கணும். இல்லேன்னா மத்தவங்க தலைநகரை எல்லாம் படையெடுத்துப் பிடிக்கணும்."

"ரெண்டாவது நமக்கு வேண்டாம். நாம நிர்மாணத் துறை" என்றார் இயக்குநர்.

"ஆட்டத்துல இருந்து அதை எடுக்க முடியாது சார்."

"எடுக்காதீங்க, இருக்கட்டும். நம்ம சட்டத்துலகூடத்தான் எவ்வளவோ இருக்கு."

அப்போது கண்காணிப்பாளர் அம்மா எழுந்தார். துறையின் விதிப்புத்தகம் அவர் கையில் இருந்தது. அந்தப் புத்தகம் அவரை விட்டு விலகி யாரும் பார்த்ததில்லை. "கம்ப்யூட்டர்ல கட்டினா என்ன, மண்ணுல கட்டினா என்ன? கட்டடம் கட்டடம்தான். வரைபடம், மண் பரிசோதனை, ஆட்சேபணை இல்லாச் சான்று எல்லாம் கோப்போட வரணும். நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் யாரும் பொத்தானைத் தொடணும்."

"மண்ணே இல்லையே மேடம், அது வெறும் படம்" என்றார் பயிற்சியாளர்.

"அப்ப 'மண் இல்லை'ன்னு எழுதிக் குடுங்க. மண் இல்லாத இடத்துல எப்படிக் கட்டுவீங்கன்னு நான் ஒரு கேள்வி எழுதறேன்."

இயக்குநர் பெருமிதத்தோடு தலையசைத்தார்.

அந்தத் துறையில் கட்டட அனுமதி என்பது குதிரைக்கொம்பு. விளையாட்டிலும் அப்படியே ஆயிற்று. பென்சில் ஒரு களஞ்சியம் கட்ட ஆசைப்பட்டு, அழகாக வரைபடம் போட்டுக் கோப்பை அனுப்பினார். 'களஞ்சியத்துக்குத் தெற்கே திரையில் ஒரு மரம் தெரிகிறது. அது யாருடைய மரம்?' என்ற குறிப்போடு கோப்பு திரும்பி வந்தது. மரம் யாருடையது என்று யாரைக் கேட்பது? பென்சில் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணினி டிங் டிங் என்று மணியடித்து அவர் மதிப்பெண்ணைக் குறைத்தது.

அவர் பயிற்சியாளரைக் கூப்பிட்டார். "ஏங்க, இது ஏன் அடிக்குது?"

"உங்க ஆளுங்க சும்மா நிக்கறாங்க சார். சும்மா இருந்தா மார்க் போயிடும். யாருக்காவது வேலை குடுங்க" என்றார் பயிற்சியாளர்.

"கொத்தனாருக்கு அனுமதி வரலையே."

"அப்ப குதிரையை நகர்த்துங்க."

விதி மீறிவிடக் கூடாதே என்று பென்சில் கண்காணிப்பாளரிடம் போய்க் கைகட்டி நின்றார். "மேடம், குதிரையை ஒரு கட்டம் நகர்த்தலாங்களா?"

அம்மா புத்தகத்தைப் புரட்டினார். பின்னாலிருந்து முன்னாலும் புரட்டினார். பிற்சேர்க்கையையும் பார்த்தார். "குதிரையைப் பத்தி ஒண்ணுமே இல்லையே."

"அப்ப கூடாதுங்களா?"

"கூடாதுன்னும் இல்லை. இருக்கறதுக்குத்தானே நான் ஆட்சேபம் எழுத முடியும்? இல்லாததுக்கு எப்படி எழுதறது?" அவர் முகம் வாடிவிட்டது. அவருடைய பணிக்காலத்தில் கையெழுத்தில்லாமல் ஒருவரைத் திருப்பி அனுப்புவது அதுதான் முதல் தடவை.

குதிரை நகர்ந்தது. மணி நின்றது. அன்றைக்குப் பென்சில் நேரத்தோடு வீட்டுக்குப் போனார். பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

மறுநாள் கஜானாவிலிருந்த காசு களஞ்சியத்துக்குச் செலவாகாமல் கிடந்ததால் இன்னொரு குதிரைவீரனைச் சேர்த்துக்கொண்டார். அதற்கும் கோப்பு தேவைப்படவில்லை. அப்புறம் இன்னொருவன். போர் செய்யும் எண்ணம் அவருக்கு இம்மியும் இல்லை. யாராவது ஒருத்தன் நகர்ந்துகொண்டிருந்தால் மணி அடிக்காது, அவ்வளவுதான். மற்றவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. மணி அடிக்க அடிக்கக் கோப்பை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "நாமெல்லாம் அதிகாரிங்க. குதிரை மேய்க்கவா வேலைக்கு வந்தோம்?" என்று கேட்டார் கணக்காளர்.

அந்தக் கணக்காளர் ஊருக்குள்தான் முதல் குதிரை நுழைந்தது.

பென்சில் அதைக் கிழக்கே ஓட்டிக்கொண்டிருந்தார். குறுக்கே ஒரு ஊர் வந்தது. மதில் இருக்கும், முட்டி நின்றுவிடும் என்று நினைத்தார். மதிலுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியிருந்தார்கள். வந்த புள்ளி ஒன்றே ஒன்று என்பதால் மறுபடி கோரியிருந்தார்கள். மதில் இருக்க வேண்டிய இடத்தில் அடிக்கல் மட்டும் நின்றது. குதிரை அதை ஒரு தாண்டு தாண்டி உள்ளே போனது. மண்டபமே அதிர எக்காளம் ஊதியது.

"யோவ் பென்சில்! என் ஊருக்குள்ள உன் குதிரை என்னய்யா பண்ணுது?"

"தெரியலைங்க சார். நேராத்தான் விட்டேன், அதுபாட்டுக்குப் போயிடுச்சு."

"கணக்காளர் ஆட்டத்திலிருந்து விலகுகிறார்" என்று திரை அறிவித்தது. கணக்காளர் பயிற்சியாளரிடம் மெல்லக் கேட்டார்: "அப்ப நான் இனிமே இங்க வர வேண்டாமா?"

"தேவையில்லை சார்."

"இந்த மதில் கோப்பு?"

"ஊரைப் பிடிச்சவரு பாத்துக்குவாரு."

கணக்காளர் கோப்புக் கட்டைப் பென்சிலின் மேஜையில் பொத்தென்று வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனார். ஜன்னல் வழியே பார்த்தால் தெரியும் இடத்தில் கால்மேல் கால் போட்டு, பன்னை டீயில் முக்கி முக்கித் தின்றார். மண்டபத்துக்குள் மணிச் சத்தத்தில் உட்கார்ந்திருந்த மற்றவர்கள் அதைப் பார்த்தபடி இருந்தார்கள்.

மறுநாள் காலை பென்சில் வருவதற்கு முன்பே வாசலில் சர்வேயர் நின்றிருந்தார். "தம்பி, நம்ம ஊரு ஆத்துக்கு அந்தாண்ட இருக்கு. கொஞ்சம் வந்துட்டுப் போயேன்."

"எதுக்குங்க சார்?"

"பிடிக்கத்தான்."

"சார், சண்டை எதுக்கு..."

"சண்டை யாருய்யா போட்டா? வாசல் தொறந்துதான் இருக்கு. எல்லாருமே தோத்துட்டா தீவுக்கு யாரைன்னு அனுப்புவாங்க? இன்னிக்கு முடியாதுன்னா நாளைக்கு. மச்சினன் வீட்டுல விசேஷம், அதுக்குள்ள முடிச்சுக் குடு."

சர்வேயருக்குப் பின்னால் பூங்காப் பிரிவு. அவருக்குப் பின்னால் தெருவிளக்குப் பிரிவு. வெளியே துறையின் வாசலில் பொதுமக்கள் நிற்கிற மாதிரியே உள்ளே ஒரு வரிசை உருவாகிவிட்டது. "நேத்தே சொல்லி வச்சேன், எனக்கு முன்னாடி அவரை எப்படிப் பிடிக்கலாம்?" என்று சண்டைகூட வந்தது. பென்சிலின் குதிரைகள் ஓய்வொழிச்சலின்றி ஓடின. ஒரு ஊரிலும் ஒரு அம்பு பறக்கவில்லை. பறப்பதற்கு அங்கே ஒன்றும் கட்டியிருக்கவில்லை.

இரண்டே ஊர்கள் மிஞ்சியபோதுதான் பென்சிலுக்கு வேர்த்தது. ஒன்று கண்காணிப்பாளருடையது. இன்னொன்று இயக்குநருடையது.

"அஞ்சாவதா வரச் சொன்னேனே, இப்ப எத்தனாவது?" என்று மனைவி கேட்டாள்.

"முதல்ல இருக்கேம்மா." திருட்டுப் பட்டம் கட்டப்பட்டவர் போலச் சொன்னார். "கடைசியா வந்தாலாவது தீவோட போகும். இயக்குநர் ஊரைப் பிடிச்சா வேலையே போயிடும்."

"பிடிக்காம நில்லுங்க."

"நின்னா மணி அடிக்குது."

அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள். "ஆஸ்பத்திரியில பெரிய டாக்டர் ரூமுக்குள்ள போகணும்னா நாங்க கதவைத் தட்டி, வரலாமான்னு கேட்டுட்டுப் போவோம். அவரு வான்னு சொல்லிட்டா அப்புறம் அவரு பொறுப்பு. கேட்டுட்டுப் போங்க."

கண்காணிப்பாளர் விஷயத்தில் கேட்கவே தேவை இருக்கவில்லை. 'மேலதிகாரியின் தலைநகரை நோக்கிக் குதிரையைத் திருப்பி வைத்திருப்பது நடத்தை விதிகளுக்கு முரணானது. ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் தரவும்' என்று அம்மா குறிப்பாணை கொடுத்தார். பென்சில் பயந்துபோய்க் குதிரையை வேறு பக்கம் திருப்பினார். ஆனால் குறிப்பாணை எழுதுகிற மும்முரத்தில் அம்மா தன் முறையைத் தவறவிட்டிருந்தார். அவருடைய ஊர்மக்கள், களஞ்சியக் கோப்பைத் தன் ஊர் என்பதால் இன்னும் கடுமையாக ஆராய்ந்து அவரே ஐந்து முறை திருப்பியிருந்ததால், பசி தாங்காமல் பென்சில் ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். எக்காளம் ஊதியது. அம்மா தன் தோல்வியைப் பார்த்துவிட்டு, "விதியை மீறி ஒரு களஞ்சியமும் கட்டலை. அதுவரைக்கும் சரி" என்றார்.

மிச்சம் இயக்குநர். அவர் ஊர் ஜொலித்தது. தன் கோப்பில் தானே கையெழுத்துப் போடுகிறவர் அல்லவா! குளம், பள்ளி எல்லாம் இருந்தன. மகா மண்டபமே கட்டி முடிந்து நின்றது. 'திற' என்ற பொத்தானை அழுத்தியிருந்தால் எப்போதோ ஜெயித்திருப்பார். அழுத்தவில்லை. திறப்பு விழாவுக்கு அமைச்சர் தேதி தரவில்லை.

"விளையாட்டு மண்டபம்தானே சார், நீங்களே திறங்களேன்" என்று பயிற்சியாளர் சொல்லிப் பார்த்தார்.

"தம்பி, கட்டறது யார் வேணா கட்டலாம். திறக்கறதுக்குன்னு ஒரு தகுதி இருக்கு" என்று சொல்லி, இயக்குநர் அமைச்சரின் உதவியாளருக்குத் தொலைபேசினார். தினமும் தொலைபேசினார். மண்டபத்தின் குறுக்கே ரிப்பன் கட்டி, மதில் வாசலை அமைச்சருக்காக அகலத் திறந்துவைத்திருந்தார்.

பென்சிலின் குதிரைகள் அந்த வாசலில் வந்து நின்றன. வேறு போக்கிடம் இல்லை. பூமி முழுக்க அவருடையதாகிவிட்டிருந்தது. மணி அடித்தது. பென்சில் எழுந்து, இயக்குநரின் மேஜைக்குப் போய், மனைவி சொன்னபடி பவ்யமாக மேஜையைத் தட்டினார். "ஐயா, வாசல்ல நிக்கறோம். உள்ள வரலாங்களா?"

காதில் தொலைபேசியோடு இயக்குநர் கையை வேகமாக ஆட்டினார். "தாராளமா வரட்டுமே! அவங்களுக்காகத்தானே திறந்து வச்சிருக்கேன். எத்தனை பேர் வந்தாலும் சரி. வந்து ரிப்பனை வெட்டினாப் போதும்!"

பென்சில் திரும்பிப் போய்ப் பொத்தானை அழுத்தினார். குதிரைகள் உள்ளே போயின. முன்னால் போனது ரிப்பனை அறுத்துக்கொண்டு போனது.

இயக்குநர் திரையைப் பார்த்ததும் முதலில் வாழ்த்துச் சொல்லிவிட்டார். பிறகுதான் யார் ஜெயித்தது என்று கவனித்தார்.

விசாரணை அன்று மதியமே கூடியது. "ஒரு கழிப்பறைகூடக் கட்டலை. எப்படிய்யா ஜெயிச்சே?"

"தெரியலைங்க ஐயா. எல்லாரும் வாங்க வாங்கன்னாங்க."

"என் தலைநகரத்தை இப்பவே திருப்பிக் குடு."

பென்சில் சந்தோஷமாகச் சம்மதித்தார். திருப்பிக் கொடுக்க ஆட்டத்தில் பொத்தான் இல்லை என்றார் பயிற்சியாளர். "நீங்க படை திரட்டிப் பிடிச்சுக்கலாம் சார். தலைநகர் போனவங்க அதுக்கு முதல்ல ஒரு பாசறை கட்டணும்."

"பாசறைன்னா கட்டடம். கோப்பு போடுங்க" என்றார் கண்காணிப்பாளர்.

இயக்குநர் அவரைப் பார்த்த பார்வையில் பாசறையே எரிந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து அமைச்சர் தேதி கொடுத்துவிட்டார். 'சிறந்த நகர நிர்மாணிக்குப் பரிசளிப்பு' என்று அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. வேறு வழியில்லை, மேடையில் பென்சிலுக்குச் சால்வை போர்த்தி இயக்குநர் பேசினார்: "ஒரு செங்கல்லைக்கூடத் தொடாமல் ஒரு நகரத்தை உருவாக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு இவர் பதில். அடுத்தவர் கட்டியதைத் தன் சாதனைக் கணக்கில் சேர்க்கும் இந்தக் கலையில் நான் இவருக்கு நீண்டகால முன்னோடி என்பதில் பெருமைப்படுகிறேன்."

அமைச்சருக்குப் பென்சிலைப் பிடித்துப்போயிற்று. ஒலிபெருக்கியை வாங்கி, "கட்டறவன் நூறு பேர் இருக்கான். குதிரையை விட்டவன் இவன் ஒருத்தன்தான்! இனிமே இந்தத் துறையில குதிரையை எவனும் தடுக்கக் கூடாது!" என்று முழங்கிவிட்டுப் போனார்.

வாய் தவறி வந்த வார்த்தையானாலும் அமைச்சர் வார்த்தை. மறுநாளே ஆணை வந்தது: 'குதிரை சம்பந்தமான விண்ணப்பம் எதையும் எந்தப் பிரிவும் நிறுத்திவைக்கக் கூடாது. உடனடியாக அனுமதிக்க வேண்டும்.' குதிரைப் பிரிவு ஒன்று பிறந்தது. பென்சில் அதற்கு அலுவலர். தீவுக்கு யாரும் போகவில்லை. ஒன்பது பேரும் சேர்ந்து கடைசியாக வந்திருந்தார்கள், அங்கே இருந்தது ஒரே நாற்காலி.

ஊரில் குதிரை கிடையாது. பென்சில் புது அறையில் தனியாக உட்கார்ந்து ஈ ஓட்டினார். அவருக்கு அது பிடித்தே இருந்தது. ஒருநாள் ரொட்டிக்கடைக்காரர் வியர்க்க விறுவிறுக்க எட்டிப் பார்த்தார். அடுப்பறைக்குப் பின்னால் ஒரு அறை கட்ட வருஷக்கணக்காக அலைகிற ஆள்.

"ஏங்க, எல்லா இடத்துலயும் கூட்டம். இங்க ஒரு ஆளும் இல்ல. இங்க குடுக்கலாமா?"

"இது குதிரைக்குங்க."

ரொட்டிக்கடைக்காரர் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். சுவரிலிருந்த ஆணையைப் படித்தார். மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். "அப்ப இது குதிரைங்க."

"எதுங்க?"

"இதுதான். பதினாறுக்குப் பன்னெண்டு. மேல புகைபோக்கி."

பென்சில் பதறிக்கொண்டு கண்காணிப்பாளரிடம் ஓடினார். "மேடம், குதிரைன்னா என்னங்க?"

அம்மா ஆணையை வரி வரியாகப் படித்தார். "விளக்கம் குடுக்கலையே."

"நாலு கால் இருக்கணுங்களா?"

"அப்படி எழுதலை. எழுதாததை நான் எப்படிக் கேட்கறது?"

பென்சில் திரும்பி வந்தார். அப்போதுதான், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்தடவையாக, ஒரு வரைபடத்தை நிதானமாகப் படித்தார். "உங்க குதிரைக்கு அஸ்திவாரம் பத்தாதுங்க. இன்னும் ரெண்டடி தோண்டுங்க. ஜன்னல் கிழக்க வச்சா காத்து வரும்" என்று பென்சிலால் திருத்தி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

ஒரு மாதத்தில் ரொட்டிக்கடைக் குதிரையிலிருந்து புகை வந்தது. அப்புறம் யாரைப் பிடிக்க முடியும்? திண்டாடிக்கொண்டிருந்த ஜனமெல்லாம் குதிரைப் பிரிவுக்கு வந்தது. ஒற்றைப் படுக்கையறைக் குதிரை, கடையோடு கூடிய குதிரை, பிள்ளைகள் படிக்கிற குதிரை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பிரசவத்துக்கென்று ஒரு மூன்று மாடிக் குதிரை எழும்பியது. அதில் மனைவிக்கு இரண்டாம் மாடியில் வேலை. "காத்தோட்டமா இருக்குங்க உங்க குதிரை" என்று அவள் சொன்ன அன்று, பென்சில் இரண்டு தடவை அந்தத் தெருவழியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.

துறையின் ஆண்டுக் கூட்டத்தில் இயக்குநர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசினார். "இந்த வருஷமும் ஒரு கட்டடத்துக்குக்கூட நாம அனுமதி குடுக்கலை!" வெளியே ஜல்லி கலக்கும் இயந்திரங்களின் சத்தத்தில் கைதட்டல் காதில் விழவில்லை.

கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, குதிரைப் பிரிவின் கதவு லேசாகத் தட்டப்பட்டது. கண்காணிப்பாளர் அம்மா. விதிப்புத்தகத்தை எங்கேயோ வைத்துவிட்டு வந்திருந்தார். வெறும் கையோடு அவரைப் பார்க்க வேறு யாரோ போல இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்தார்.

"தம்பி, பையனுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். வீட்டுல இடம் பத்தலை." தொண்டையைச் செருமிக்கொண்டார். "மாடியில ஒரு குதிரை வேணும். சமையலறையோட."

பென்சில் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "உட்காருங்க மேடம். வரைபடம் நானே போட்டுத் தர்றேன்."

அம்மா உட்கார்ந்தார். பென்சில் தாளை விரித்ததும் மெல்லக் கேட்டார்: "படிக்கட்டைக் குதிரைக்குள்ள வைக்கலாமா, வெளியில வைக்கலாமா?"

"உங்க குதிரை மேடம். உங்க இஷ்டம்."